பாட்டில் கிடந்த இடம்

பழைய ஒயின் என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது ஆண்டைத்தான். ஆஸ்திரேலியாவில் பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ் ஆனாலும் கூனவாராவின் செம்மண்ணில் விளைந்த கேபர்னே சாவின்யான் ஆனாலும், லேபிளில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களை வைத்தே விலை பேசப்படுகிறது, புகழ் பாடப்படுகிறது. அந்த நான்கு இலக்கங்கள் சொல்வது திராட்சை எந்த வருடம் பறிக்கப்பட்டது என்பதை மட்டுமே. பறித்த பிறகு கழிந்த இருபது, முப்பது வருடங்களில் அந்தப் பாட்டில் எந்த அறையில் கிடந்தது, அங்கே எவ்வளவு வெக்கை, அதன் வாயை அடைத்திருந்தது எது என்பதை லேபிள் சொல்வதில்லை. முதிர்ந்த சிவப்பு ஒயினில் நாம் சுவைப்பது பெரும்பாலும் இந்தச் சொல்லப்படாத பகுதியைத்தான். ஆகவே அறுவடை ஆண்டை விட்டுவிட்டுத் தனித்தனிப் பாட்டிலையே மதிப்பீட்டின் அலகாகக் கொள்ள வேண்டும், பாதுகாத்து வைத்தவரையும் அந்த ஒயினை ஆக்கியவர்களில் ஒருவராக எண்ண வேண்டும் என்பதே என் வாதம். ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முதிர்வைப் பற்றிய மிகத் தெளிவான ஆய்வுகள் சில அந்த நாட்டில் நடந்தவை. ஒயினைப் பாதுகாப்பது மிகக் கடினமான நாடுகளில் ஒன்றும் அதுவே.

அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கதையிலிருந்தே தொடங்கலாம். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் தலைமை ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட், ஷெர்ரி தயாரிப்பைக் கற்றுவர ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவர். 1950-இல் பிரான்சின் போர்தோவுக்கும் போனார். அங்கே நாற்பது, ஐம்பது வருடம் கிடந்தும் உயிரோடிருந்த சிவப்பு ஒயின்களை அவருக்குச் சுவைக்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும், 1951 அறுவடையில், ஷிராஸை முதன்மையாக வைத்து, புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில் ஊறவைத்து, நெடுங்காலம் தாங்கும் ஒயின் ஒன்றைச் சோதனையாக ஆக்கினார். கிரேஞ்ச் பிறந்தது அப்படித்தான். சில வருடம் கழித்து நிறுவன மேலிடத்தாரும் அவர்கள் அழைத்த விவரமறிந்தவர்களும் அதைச் சுவைத்தபோது கிடைத்தது ஏச்சு. இனிப்பில்லாத போர்ட் ஒயின் போல இருக்கிறது, இதை யார் குடிப்பார்கள் என்றார் ஒருவர். காட்டுப் பழங்களோடு நசுக்கிய எறும்புகளும் கலந்த வாசம் என்றார் இன்னொருவர். 1957-இல் தயாரிப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அவ்வாண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஷூபர்ட் ஒளித்து வைத்தே கிரேஞ்ச் செய்தார். புதுப் பீப்பாய்க்குப் பணம் கேட்க வழியில்லாததால் பழைய பீப்பாய்களைப் பயன்படுத்தினார். முதல் ஆண்டுகளின் பாட்டில்கள் முதிர்ந்து வந்தபோது மேலிடத்தார் மறுபடி சுவைத்தார்கள். 1960-இல் தடை நீங்கியது. 1955-ஆம் ஆண்டு கிரேஞ்ச் 1962-இல் சிட்னி போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது.

தனி மனிதப் பிடிவாதம் அதிகாரத்தை வென்ற கதையாகவே இதை வழக்கமாகச் சொல்வார்கள். ஷூபர்ட்டின் பிடிவாதத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முதலில் கைவிரித்தவர்களை முட்டாள்களாக்கிவிட்டால் கதையின் சாரம் நழுவிவிடும். நாலைந்து வயதுக் கிரேஞ்ச் உண்மையிலேயே கரடுமுரடானது. நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு, ஓக்கின் தேங்காய்-வெண்ணிலா நெடி, ஒன்றோடொன்று சேராத பழவாசம். அவர்கள் சுவைத்ததைத்தான் சொன்னார்கள். முதல் சுவைப்புக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒயின் தயாரிப்பாளர் செய்தது எதுவுமில்லை. அடிலெய்டின் ஓரத்தில் மெகில் ஆலையின் குளிர்ந்த நிலவறையில் பாட்டில்கள் கிடந்தன, அவ்வளவே. தீர்ப்பை மாற்றியது அந்தக் கிடப்பு. அதே பாட்டில்கள் யாராவது ஒருவர் வீட்டுத் தகரக் கொட்டகையில் கிடந்திருந்தால் மேலிடத்தாரின் முதல் தீர்ப்பே நிலைத்திருக்கும்.

கிடக்கும்போது என்ன நடக்கிறது என்பது இப்போது ஓரளவு தெரியும். இளம் சிவப்பு ஒயினின் ஊதா கலந்த நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் வருகிறது; துவர்ப்பு, தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்களால். இரண்டும் திராட்சையிலிருந்து வந்த வடிவிலேயே நீடிப்பதில்லை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பெரிய மூலக்கூறுகளாகின்றன. அடிலெய்டில் 1955 முதல் இயங்கிவரும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சோமர்ஸ் 1971-இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். முதல் வருடத்திலேயே ஒயின் நிறத்தின் ஏறத்தாழ பாதி இந்தக் கூட்டு நிறமிகளால் வருகிறது என்றும், பத்து வருடத்தில் அந்தப் பங்கு ஐந்தில் நான்கைத் தாண்டிவிடுகிறது என்றும் அவர் காட்டினார். ஊதா மங்கி, மாதுளைச் சிவப்பாகி, விளிம்பில் செங்கல் நிறம் தட்டுவது இதனால்தான். கரைசலில் தங்க முடியாதவை வண்டலாக அடியில் படிகின்றன. துவர்ப்பின் முனை மழுங்குகிறது. புதுப்பழ வாசத்தைத் தந்த எஸ்டர்கள் சிதைய, டைமெத்தில் சல்ஃபைடு போன்ற வேறு சேர்மங்கள் கூடுகின்றன. பழைய ஷிராஸில் கறுந்திராட்சை வற்றலையும் காளானையும் நினைவூட்டும் மணத்தில் இவற்றுக்குப் பங்குண்டு. இத்தனையும் மூடிய பாட்டிலுக்குள் நடக்கும் வேதிவினைகள். வேதிவினை என்றால் அதன் வேகத்தை வெப்பம் தீர்மானிக்கும்.

பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் தோராயமாக இரண்டு மடங்காகும் என்பது வேதியியலின் பழைய கட்டைவிரல் விதி. அப்படியானால் 15 டிகிரியில் இருபது வருடம் வைப்பதும் 25 டிகிரியில் பத்து வருடம் வைப்பதும் ஒன்றுதானே, அவசரக்காரருக்கு அது லாபம்தானே என்று கேட்கலாம். இல்லை. இருமடங்கு என்பது ஒரு சராசரி. ஒவ்வொரு வினைக்கும் தூண்டு ஆற்றல் வேறு. ஆகவே வெப்பம் ஏறும்போது சில வினைகள் இரண்டு மடங்கும் சில நாலைந்து மடங்கும் விரையும். மணத்தைக் கெடுக்கும் சிதைவு, துவர்ப்பை மென்மையாக்கும் இணைவை முந்திக்கொண்டு ஓடும். புகை போட்டுப் பழுக்கவைத்த வாழைத்தார் மாதிரி, நிறம் வந்திருக்கும், சுவை வந்திருக்காது. வெக்கையில் கிடந்த ஒயினை வயது கூடியது என்று சொல்வதைவிட வேறு ஒயினாகிவிட்டது என்று சொல்வதே சரி.

வெப்பம் ஏறி இறங்குவது இன்னொரு தொல்லை. 750 மில்லிலிட்டர் ஒயின் பத்து டிகிரி சூடேறினால் சுமார் இரண்டு மில்லிலிட்டர் விரியும். கழுத்தில் இருக்கும் சிறு வெற்றிடத்தில் அது பெரிய அழுத்தம். ஒயின் தக்கையின் ஓரமாகக் கசிந்து மேலேறும். குளிரும்போது உள்ளே இழுக்கப்படுவது காற்று. ஒவ்வொரு கோடையும் இந்த மூச்சிழுப்பு நடந்தால், இருபது வருடத்தில் மட்டம் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கிவிடும். ஏலக் கடைக்காரர்கள் பழைய பாட்டிலின் மட்டத்தை நுணுக்கமாகக் குறித்துவைப்பது சும்மா இல்லை.

இதையெல்லாம் அடிலெய்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் அங்கே அபூர்வமில்லை. பர்கண்டியின் பழைய வீடுகளில் இருப்பதுபோல கல்லால் கட்டிய நிலவறைகள் ஆஸ்திரேலியக் குடியிருப்பு வீடுகளில் பொதுவாகக் கிடையாது. விக்டோரியாவின் கிரேட் வெஸ்டர்னில் தங்கச் சுரங்கம் வெட்டியவர்களைக் கொண்டே 19-ஆம் நூற்றாண்டில் குடைந்த, செப்பெல்ட் ஒயின் ஆலையின் சுரங்கப் பாதைகள் பெருமைக்குரிய விதிவிலக்கு. சாதாரண ஒயின் பிரியருக்கு அந்த வசதி ஏது? அவர் வீட்டின் தெற்குப் பக்க அறையில், தெற்கு அரைக்கோளத்தில் வெயில் நேராகப் படாத பக்கம் அதுதான், அலமாரியின் அடித்தட்டில் தெர்மோகோல் பெட்டிக்குள் வைக்கிறார். கொஞ்சம் வசதியிருந்தால் ஒயின் பிரிட்ஜ் வாங்குகிறார். இன்னும் வசதியிருந்தால் குளிரூட்டிய கிடங்கில் மாதவாடகைக்கு வைக்கிறார். ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து அடைக்கப்பட்ட பன்னிரண்டு பாட்டில்கள் இப்படிப் பன்னிரண்டு வாழ்க்கைகளுக்குப் பிரிந்து போகின்றன. முப்பது வருடம் கழித்து அவற்றைப் பொதுவாக ஒரே ஆண்டு ஒயின் என்று அழைப்பது வசதிக்காகச் செய்வதே.

வெப்பத்துக்கு அடுத்தது மூடி. இதிலும் ஆஸ்திரேலியர்களே நேர்த்தியான சோதனையைச் செய்தார்கள். மேற்சொன்ன ஆராய்ச்சி நிறுவனம், கிளேர் பள்ளத்தாக்கின் 1999 செமில்யோன் வெள்ளை ஒயினை எடுத்து, பதினான்கு வகை மூடிகளால் அடைத்து, ஒரே இடத்தில் வைத்து, ஆண்டுக்கணக்கில் திறந்து பார்த்தது. வெள்ளை ஒயின் என்பதால் காற்று செய்த வேலை கண்ணுக்கே தெரிந்தது. வரிசையாக நிறுத்தியபோது ஒருபுறம் வெளிர் வைக்கோல் நிறம், மறுபுறம் தேநீர்ப் பழுப்பு. உள்ளே இருந்தது ஒரே ஒயின். திருகு மூடியின் கீழ் அது அதிகம் கெடாமல் இருந்தது. ஆனால் தீக்கல் உரசிய, ரப்பர் போன்ற வாசமும் சிலவேளை எழுந்தது. சில செயற்கை மூடிகள் சீக்கிரமே தோற்றன. இயற்கைத் தக்கையில் சங்கடம் வேறுவிதம்: ஒரே மூட்டையிலிருந்து வந்த தக்கைகளுக்குள்ளேயே வேறுபாடு. அதோடு, தக்கையிலிருந்து வரும் டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும்; அதைவிடக் குறைந்த அளவில் வாசம் தெரியாது, பழச்சுவையை மட்டும் அமுக்கிவிடும். இந்த இரண்டாவது நிலைதான் வஞ்சகமானது. ஒயின் சுமார் என்று குடிப்பவர் நினைத்துக்கொள்வார், பழி தோட்டத்தின்மேல் போகும்.

பாட்டில்தான் அலகு என்பதை ஒயின் நிறுவனங்களே ஒப்புக்கொண்டதற்குச் சான்று, பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் நடத்திவரும் மறு அடைப்பு முகாம்கள். பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட தங்கள் சிவப்பு ஒயின்களை மக்கள் கொண்டுவரலாம். மட்டம் இறங்கிய பாட்டிலைத் திறந்து, ஒரு மிடறு ஊற்றி ஒயின் தயாரிப்பாளர் சுவைப்பார். நன்றாக இருந்தால் அண்மை ஆண்டின் அதே ஒயினில் சிறிது விட்டு நிரப்பி, புதுத் தக்கை இட்டு, சான்றிதழ் ஒட்டித் தருவார்கள். கெட்டிருந்தால் சான்றிதழ் இல்லை. வெறும் தக்கையை இட்டு ஒரு வெள்ளைப் புள்ளியைக் குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆண்டு ஒன்றே, லேபிள் ஒன்றே. ஒன்றுக்குச் சான்றிதழ், ஒன்றுக்கு வெள்ளைப் புள்ளி. தூய்மைவாதிகள் இந்த முகாம்களை விரும்புவதில்லை. இளம் ஒயினைக் கலந்தபின் அது அசல் இல்லை என்பார்கள். பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் கசிந்த தக்கைக்குக் கீழே பத்து வருடம் காற்று குடித்தது மட்டும் அசலா என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம்.

வலுவான மறுப்பு தோட்டத்தின் பக்கமிருந்து வரும். தென் ஆஸ்திரேலியாவுக்குள் ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பேன் இன்றுவரை நுழையவில்லை; 1899-இலேயே அதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். அதனால் பரோசாவில் 1840-களில் நட்ட ஷிராஸ் கொடிகள் சொந்த வேரிலேயே இன்னும் காய்க்கின்றன. 125 வயது கடந்த கொடிகளுக்கென்று 2009-இல் தனி வகுப்பையே ஏற்படுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கொடியின் செறிந்த சிறு பழத்தில் செய்த ஒயினும், பாசன வயலில் கொத்துக்கொத்தாய் விளைந்ததில் செய்த மலிவு ஒயினும் ஒரே நிலவறையில் கிடந்தால் ஒன்றாகிவிடுமா? ஆகாது. மலிவு ஒயினை எத்தனை குளிர்ச்சியில் வைத்தாலும் ஐந்தாறு வருடத்தில் அது வெறும் பழைய ஒயின்தான். முதிர்வதற்கு அதில் சரக்கு இல்லை. அமிலம், டானின், பழச்செறிவு ஆகியவை போதிய அளவில் தொடக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. தோட்டமும் ஆண்டும் உச்சவரம்பைத் தீர்மானிக்கின்றன. அந்த வரம்புக்குள் ஒரு பாட்டில் எங்கே நிற்கிறது என்பதைப் பாதுகாப்பு தீர்மானிக்கிறது. வயது ஏற ஏற இரண்டாவதன் கை ஓங்குகிறது. மூன்று வயதில் இரண்டு பாட்டில்களுக்கிடையே வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். முப்பது வயதில் கண்டுபிடிக்காமல் இருப்பதுதான் கடினம்.

இன்னொரு மறுப்பு குறும்பானது: சுவைப்பதே ஏமாற்று வித்தை, இதில் பாட்டில் என்ன, ஆண்டு என்ன? 2001-இல் வெளியான போர்தோ ஆய்வில், சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 ஒயினியல் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். 2008-இல் கலிஃபோர்னியாப் போட்டி நடுவர்களைப் பற்றி ராபர்ட் ஹாட்ஜ்சன் செய்த ஆய்வில், ஒரே ஒயினைத் தெரியாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது ஒரே பதக்க நிலைக்குள் மதிப்பெண் தந்தவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். அதே காலத்தில் அடிலெய்டு ஆய்வாளர்கள் ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தைக் கண்டுபிடித்தார்கள். சோதித்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது கொஞ்சமும் மணக்கவே இல்லை. சுவைப்பவரின் மூக்கு நம்பத்தகாத கருவி என்பதை இவை நிறுவுகின்றன, சரி. ஆனால் கருவி தள்ளாடுவதால் அளக்கப்படும் பொருள் இல்லையென்று ஆகாது. நிறமிகளின் கூட்டிணைவும் கழுத்தின் மட்டமும் மூக்கை நம்பி அளக்கப்படுபவை அல்ல. இந்த ஆய்வுகள் உண்மையில் என் பக்கமே சேர்கின்றன. ஒரு பிரபல விமர்சகர் ஒருநாள் ஒரு பாட்டிலைத் திறந்து தந்த மதிப்பெண்ணை அந்த ஆண்டின் எல்லாப் பாட்டில்களுக்கும் நிரந்தரமாக ஒட்டிவைக்கும் வழக்கம், தள்ளாடும் கருவியோடு தனிப் பாட்டிலின் தற்செயலையும் கூட்டிக்கொள்கிறது.

சுவைப்பு முறையும் இதை ஒட்டியே அமைய வேண்டும். பழைய பாட்டிலைத் திறப்பதற்கு ஓரிரு நாள் முன்பே நிமிர்த்தி வைப்பார்கள், வண்டல் அடியில் இறங்கட்டும் என்று. முப்பது வருடத் தக்கை திருகாணிக்குப் பொடிந்துவிடும். ஆகவே இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே செருகி, முறுக்கி, மெதுவாக இழுக்கிறார்கள். வெளிவந்த தக்கையைப் பார்த்தாலே பாதிக் கதை தெரியும்: அடிப்புறம் மட்டும் சிவந்திருந்தால் நல்ல சகுனம், பக்கவாட்டில் மேல்வரை கறை ஓடியிருந்தால் கசிவு நடந்திருக்கிறது. பாட்டிலின் தோளுக்குக் கீழே விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஊற்ற வேண்டும். வண்டல் கறுத்த கோடாகத் தோளை நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும். கடைசி அரைக் கோப்பை போனால் போகட்டும். இளம் ஒயினைப் போல மணிக்கணக்கில் காற்றில் விட்டால் முதிர்ந்தது துவண்டுவிடும். எஞ்சியிருக்கும் மணம் முதல் அரைமணி நேரத்திலேயே போய்விடக்கூடும். கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பார்க்கையில் செங்கல் நிறம் இருக்கலாம், நடுவில் சிவப்பு மிச்சமிருக்க வேண்டும். நடுவும் பழுப்பென்றால் காரியம் முடிந்தது. தோல், புகையிலை, உலர்ந்த அத்தி, ஈரமண் என்று மணங்கள் வரும்போது அவற்றுக்கடியில் பழம் உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. கூனவாரா கேபர்னேயிலும் விக்டோரியாவின் சில பகுதி ஒயின்களிலும் கற்பூரச் சாயலுள்ள யூகலிப்டஸ் மணம் முதுமையிலும் தங்கிவிடுகிறது. அது தோட்டத்தோர மரங்களின் இலைகள் அறுவடையோடு கலப்பதால் வருவது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இது தோட்டத்தின் கையெழுத்து. வேகவைத்த பழம்போல, பழைய ஜாம்போல மணம் வந்தால் அதைத் தோட்டத்தின் கணக்கில் எழுதக்கூடாது. அது கொட்டகையின் கையெழுத்து.

இந்த வேறுபாட்டைச் சந்தை இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை. பென்ஃபோல்ட்ஸ் தன் ஒயின்களின் குடிக்கத்தக்க காலத்தைப் பட்டியலிட்டு ‘தி ரிவார்ட்ஸ் ஆஃப் பேஷன்ஸ்’ என்ற நூலை 1986 முதல் பல பதிப்புகளாகக் கொண்டுவந்திருக்கிறது. பயனுள்ள நூல்தான், ஆனாலும் அதிலுள்ள ஆண்டுக் கணக்குகள் பாட்டில் ஒழுங்கான குளிர்ச்சியில் கிடந்தது என்ற அனுமானத்தின் மேல் நிற்கின்றன, விற்பவரே சொல்பவராகவும் இருக்கிறார். ஏலத்திலோ 1951 கிரேஞ்ச் ஒரு பாட்டில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் போயிருக்கிறது. அது கடையில் விற்கப்படாத சோதனை ஆண்டு. வாங்குபவர்கள் தொகுப்பை நிறைவு செய்ய வாங்குகிறார்கள், குடிக்க அல்ல. அந்த விலையை ஒயினைப் பற்றிய சான்றாகக் கொள்ள முடியாது, தபால்தலைச் சந்தையோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். குடிப்பதற்காக வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு: எத்தனை கை மாறியது, எந்த ஊரில் கிடந்தது, மட்டம் எங்கே நிற்கிறது. ஆலையின் நிலவறையைவிட்டு ஒருநாளும் வெளியேறாத பாட்டிலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்பெருமை அல்ல. சிலருக்கு இதற்கும் எளிய வழி உண்டு: இளமையிலேயே ஆறோ பன்னிரண்டோ வாங்கி, தம் கண்ணெதிரிலேயே வைத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்ப்பது. அப்போது நிலவறைக்காரரும் நாமே, நடுவரும் நாமே.

இந்த வாதத்தைச் சோதிக்க இப்போது ஒரு வாய்ப்பு கனிந்திருக்கிறது. கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000 அறுவடையில் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள். அடுத்த சில வருடங்களில் சிவப்பு ஒயின்களும் பெருமளவில் அதைப் பின்பற்றின. கிரேஞ்ச் போன்ற சில மட்டும் தக்கையை விடவில்லை. அந்த முதல் திருகு மூடி ஷிராஸ்களுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். அவற்றில் தக்கையின் தற்செயல் இல்லை. ஆகவே, ஒரே ஆண்டின் ஒரே ஒயினில் குளிரூட்டிய கிடங்கில் கிடந்த பாட்டில் ஒன்றையும் வீட்டு அலமாரியில் கிடந்த பாட்டில் ஒன்றையும், எது எதுவென்று சொல்லாமல், அருகருகே ஊற்றினால் எஞ்சும் வித்தியாசம் ஏறத்தாழ முழுவதும் வெப்பத்தினுடையது. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் நான் சொன்னதில் பாதி தவறு. மூடிதான் எல்லாம் என்றாகிவிடும். வேறுபட்டால், திருகு மூடி வந்துவிட்டதால் இனிக் கவலையில்லை என்று அலமாரியில் அடுக்கிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் வீட்டுக் கோடையை ஒரு தெர்மாமீட்டர் வைத்தாவது பார்க்க வேண்டியிருக்கும்.